மாமியார் பெயருக்கு வந்த வாக்காளர் படிவம்

கேள்வி: நான் டெக்சஸ் மாநிலத்தின் காலின் கவுன்டியில் வசிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, தந்தை பெயரை விட்டுக் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டேன். ஆனால் என் ஓட்டுநர் உரிமத்தில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்றும், என் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து கடைசிப் பெயராகவும் பழையபடியே இருக்கின்றன. இந்த நிலையில் வாக்காளராகப் பதிவு செய்தால் வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? மாமனாருக்கு 76 வயது; அவர் முன்பே குடியுரிமை பெற்றுவிட்டார், ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர் எப்படி வாக்களிப்பது? மாமியார் இந்தியக் கடவுச்சீட்டை விட மனமில்லாமல் கிரீன் கார்டிலேயே இருக்கிறார். அவர் பெயருக்கும் வாக்காளர் படிவம் ஒன்று தபாலில் வந்திருக்கிறது. பெயர் போட்டு வந்தால் தகுதி இருக்கிறது என்றுதானே பொருள், கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். சென்ற ஆண்டு அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோதும் இதுபற்றி ஏதோ கேட்டார்களாம், மாமியார் தலையாட்டிவிட்டு வந்ததாகச் சொல்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கையோ, வாக்களிக்க அடையாள அட்டையே தேவையில்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சஸ்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு நடுவே போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மாமியாரின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெயர்க் குழப்பம் சற்று அலைச்சலோடு தீர்ந்துவிடும். மாமியார் இடும் ஒரு கையெழுத்தோ அவர் இந்த நாட்டில் தங்கியிருக்கும் உரிமையையே பறித்துவிடக் கூடியது. குடிவரவு வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில் என் பதில் இதுதான்: அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டாம், கையெழுத்திட வேண்டாம், யாரிடமும் கொடுத்து அனுப்பவும் வேண்டாம்.

பெயரிட்டு வந்த படிவம் தகுதிக்குச் சான்று அல்ல. கட்சிகளும் தன்னார்வ அமைப்புகளும் வணிக முகவரிப் பட்டியல்களை விலைக்கு வாங்கி வீடு வீடாக இவற்றை அனுப்புகின்றன. பெறுபவர் குடிமகனா என்பதை அனுப்புகிறவர் பார்ப்பதில்லை. பார்க்கும் வசதியும் அவர்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. படிவத்தின் தொடக்கத்திலேயே, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வியும் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களும் இருக்கும். ‘இல்லை’ என்றால் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். கீழே இடும் கையெழுத்து, மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று செய்யும் சத்தியம். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு அலுவலர் வீடு தேடி வந்து விவரம் குறித்துக்கொண்டு போய்ப் பழகிய நம்மவர்களுக்கு, இங்கே பதிவு செய்வதும் அதற்கான சட்டப் பொறுப்பும் முழுக்க விண்ணப்பிப்பவர் தலையில்தான் என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

நல்லெண்ணத்தில் செய்தது, பெரிதுபடுத்த மாட்டார்கள் என்று உங்கள் உறவினர் நினைக்கலாம். 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத் திருத்தம் அந்த நினைப்புக்கு ஏறக்குறைய இடமே வைக்கவில்லை. குடிமகன் அல்லாதவர் சட்டத்துக்குப் புறம்பாக வாக்களித்தாலோ, சட்டப்படியான ஒரு பயனுக்காகத் தம்மைக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டாலோ, அது தண்டனைக்குரிய குற்றம் என்பதோடு, தண்டனை ஏதும் விதிக்கப்படாவிட்டாலும் நாடுகடத்துவதற்குத் தனித்த காரணமாகவும் அமையும். அப்படிச் சொன்னவர் பொய் என்று அறிந்தே சொன்னார் என்பதை அரசு நிரூபிக்கவேண்டிய தேவைகூட இல்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. சிறுவயதிலேயே இங்கு வந்து, பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருந்து, தாமும் குடிமகன் என்று நியாயமாக நம்பியவர்களுக்கு மட்டும் ஒரு குறுகிய விலக்கு உண்டு. உங்கள் மாமியார் அதற்குள் வரமாட்டார். டெக்சஸ் மாநிலச் சட்டமும் தன் பங்குக்குக் கடுமையானது. 2023 முதல் அங்கே சட்டவிரோதமாக வாக்களிப்பது 2 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

இது ஏட்டில் மட்டும் உள்ள அச்சம் அன்று. பெரு நாட்டிலிருந்து வந்து இல்லினாயில் வசித்த ஒரு பெண், ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது தம் கிரீன் கார்டையும் பெரு நாட்டுக் கடவுச்சீட்டையும் மறைக்காமல் காட்டினார். வாக்காளராகவும் பதிய விருப்பமா என்று கேட்ட எழுத்தர், அது உங்கள் விருப்பம் என்று சொல்ல, குடிமகன் என்ற கட்டத்தில் குறியிட்டார்; 2006இல் இரண்டு முறை வாக்களித்தார். அலுவலரின் சொல்லை நம்பித்தான் செய்தேன் என்ற அவரது வாதத்தைச் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ஏற்க மறுத்து, நாடுகடத்தும் ஆணையை உறுதிசெய்தது. அவருடைய கணவரும் பிள்ளைகளும் அமெரிக்கக் குடிமக்கள். என்னைக் கேட்டால் மிகக் கொடிய தீர்ப்பு என்றுதான் சொல்வேன். ஆனாலும் இன்றுள்ள சட்டம் அதுதான்.

இப்போது அந்தத் தலையாட்டலுக்கு வருவோம். 1993ஆம் ஆண்டுத் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகங்கள் வாக்காளர் பதிவுக்கான வாய்ப்பையும் உடன் அளிக்கவேண்டும். அந்தக் கேள்வி வருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படுவதால், குடிமக்கள் அல்லாதவர்களிடமும் சில நேரம் கேட்கப்பட்டுவிடுகிறது. தானாகப் பதியும் முறையிலும் தவறு நேர்ந்திருக்கிறது: அந்த முறையைக் கலிபோர்னியா 2018இல் தொடங்கிய சில மாதங்களில் ஏறத்தாழ 1,500 பேர் தவறுதலாகப் பதியப்பட்டிருக்கலாம் என்று அந்த மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறையே அறிவித்தது, ஓரிகானில் 2024இல் இதுபோல ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவு கேள்விக்குள்ளானது. ஆகவே மாமியாரின் பெயர் பட்டியலில் ஏறியிருக்க முடியாது என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல்களைக் கவனிக்கும் டெக்சஸ் மாநிலச் செயலரின் இணையதளத்தில் பெயர், கவுன்டி, பிறந்த தேதி முதலியவற்றைக் கொடுத்து இன்றே தேடிப் பார்த்துவிடலாம்.

பெயர் இல்லையென்றால் நிம்மதி. தேடிய பக்கத்தை அச்சிட்டுத் தேதியோடு கோப்பில் வையுங்கள். இருந்தால், எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காமல் இருக்கவேண்டியது முதற்கடமை. அதற்கடுத்துப் பெரும்பாலோர் பதற்றத்தில் வாக்காளர் பதிவாளர் அலுவலகத்துக்கு விரைந்து, தெரியாமல் பதிந்துவிட்டோம் என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அந்த நாலு வரியே பிற்பாடு ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கப்படும். நாங்கள் முதலில் செய்வது, மூல விண்ணப்பத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குவது. குடிமகன் அல்ல என்ற கட்டத்தில் குறியிருந்தும் அலுவலகம் தவறாகப் பதிந்திருந்தால், அந்த ஒரு தாளே அவரைக் காக்கும். கட்டம் காலியாக இருந்தால் ஒருவிதமாகவும், ‘ஆம்’ என்று இருந்தால் வேறுவிதமாகவும் வழக்கை அணுகவேண்டும். பெயர் நீக்கக் கோரும் கடிதம் அதன் பிறகுதான்.

அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதே இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மனம் மாறினால் நிரப்பவேண்டிய என்-400 படிவம், எப்போதாவது வாக்காளராகப் பதிந்ததுண்டா, குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா என்று நேரடியாகவே கேட்கிறது. மனம் மாறாவிட்டாலும் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் அவருடைய பதிவுகள் பார்க்கப்படலாம்.

இனி உங்கள் பெயர்.

‘எஃப்.என்.யு.’ என்பது முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெற்றாக விட்ட தமிழர்கள் பலருக்கும் விசாவில் நேர்வது இது. சொந்தப் பெயர் கடைசிப் பெயராகிவிட, முதற்பெயர் ‘தெரியாதவர்’ ஆகிறோம். விசாவிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசின் சமூகப் பாதுகாப்புத் துறைக்கும் அங்கிருந்து ஓட்டுநர் உரிமத்துக்கும் அது தொற்றிக்கொண்டு வருகிறது. 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, வாக்காளர் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் உரிம எண்ணோ, உரிமம் இல்லாதவர் எழுதும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோ, அந்தந்தத் துறையின் பதிவேட்டோடு பெயரும் பிறந்த தேதியும் சேர்த்து ஒப்பிடப்படும். புதுப் பெயரை எழுதி, பழைய பெயரில் உள்ள உரிம எண்ணைக் கொடுத்தால் ஒப்பீடு இடறும்.

அப்படி இடறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலம் 2018இல் தந்த பாடம் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும் என்ற விதியால், அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் கிடந்தன. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பழைய உரிமப் பதிவினால் குடிமக்கள் அல்லாதவர்களாகக் குறிக்கப்பட்டதும் அதில் அடங்கும். குடியுரிமைச் சான்றை வாக்குச்சாவடியிலேயே காட்டி அவர்கள் வாக்களிக்கலாம் என்று தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது நீதிமன்றம் உத்தரவிடவேண்டியதாயிற்று.

டெக்சஸில் உங்களைப் போன்றோருக்கு இதைவிட நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் அன்றைய மாநிலச் செயலர் டேவிட் விட்லி, குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கக்கூடிய 95,000 வாக்காளர்கள் இருப்பதாக அறிவித்தார். சில நாட்களிலேயே அந்தப் பட்டியலிலிருந்து 25,000 பெயர்கள் உதிர்ந்தன. காரணம் மிகச் சாதாரணமானது: கிரீன் கார்டைக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெற்றவர், அதன்பின் குடியுரிமை பெற்று முறையாக வாக்காளராகப் பதிந்தாலும், உரிமத் துறையின் கோப்பில் அவர் பழைய நிலையிலேயே இருப்பார். குடியுரிமை கிடைத்தால் அந்தத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்குகள் தொடுக்கப்பட்டு, ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டு, மே மாதத்தில் விட்லி பதவி விலகினார். ஆனால் தரவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நிற்கவில்லை. 2025 அக்டோபரில் கூட்டாட்சிக் குடிவரவுத் தரவுகளோடு ஒப்பிட்டு, 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களில் 2,724 பேரை விசாரிக்குமாறு மாநிலம் கவுன்டிகளுக்கு அனுப்பியது. அந்தப் பட்டியலிலும் குடிமக்கள் இருந்தார்கள். இத்தகைய அறிவிப்புக் கடிதம் வந்தால், 30 நாட்களுக்குள் குடியுரிமைச் சான்றைக் காட்டவேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும். விளம்பரத் தபால் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே வேலைகளை நான் சொல்லும் வரிசையில் செய்யுங்கள். முதலில் குடியுரிமைச் சான்றிதழுடன் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய், பெயரையும் குடியுரிமை நிலையையும் சேர்த்தே மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி, நிலையை மறந்துவிடுவோர் பலர். அடுத்து ஓட்டுநர் உரிமம்: டெக்சஸ் சட்டப்படி பெயர் மாறிய 30 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும், நீங்கள் ஏற்கனவே தாமதித்துவிட்டீர்கள். அங்கும் குடியுரிமைச் சான்றைக் காட்டி, கோப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதன்பின் வாக்காளர் விண்ணப்பம். தேர்தல் நெருங்கி நேரம் போதாது என்றால், முந்தைய பெயரைக் குறிப்பிட விண்ணப்பத்திலேயே ஓர் இடம் உண்டு. அதில் உரிமத்தில் உள்ளபடியே பழைய பெயரை எழுதி அனுப்பிவிட்டு, மற்றவற்றைப் பிறகு சரிசெய்யலாம். டெக்சஸில் பொதுவாக இணையவழிப் பதிவு கிடையாது. உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது மட்டுமே அந்த வாய்ப்பு வரும். மற்றபடி தாளில் கையெழுத்திட்டுத் தபாலிலோ நேரிலோ கொடுக்கவேண்டும், தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே. தேர்தல் நாளன்று பதிவு செய்துகொள்ளும் வசதி மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் உண்டு, இங்கே இல்லை. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே இல்லை.

உங்கள் தங்கை சொல்வது அவர் மாநிலத்துக்குச் சரி. தேர்தலை நடத்தும் பொறுப்பை அரசியலமைப்பு மாநிலங்களிடம் விட்டிருப்பதால், கலிபோர்னியாவில் பெரும்பாலோர் அடையாள அட்டை காட்டாமலே வாக்களிக்கிறார்கள். புகைப்பட அட்டை கேட்கும் இண்டியானாவின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008இல் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த வழியில் சென்ற மாநிலங்களில் டெக்சஸும் ஒன்று. அதன் 2011ஆம் ஆண்டுச் சட்டம் சிறுபான்மையினரைப் பாரபட்சமாகப் பாதிக்கிறது என்று ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2016இல் கண்டதால், 2017இல் அது திருத்தப்பட்டது. இன்று ஏழு வகை ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன. அவற்றில் ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, கடவுச்சீட்டு அட்டை, புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவை உங்களுக்குப் பொருந்தும். துப்பாக்கி உரிமமும் அந்த ஏழில் ஒன்று. பல்கலைக்கழக மாணவர் அட்டை அதில் இல்லை. இவற்றில் எதையும் பெற இயலாத நியாயமான தடை உள்ளவர், அதை எழுதிக் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீது போன்ற ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம்.

சாவடியில் அட்டையின் பெயரும் பட்டியலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும் என்று டெக்சஸ் கேட்பதில்லை. பெயர்கள் கணிசமாக ஒத்திருந்தால் போதும்: முன்னெழுத்தோ முந்தைய பெயரோ ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போவதும், முதற்பெயர் வேறு கட்டத்தில் இருப்பதும் அதில் அடங்கும். இருவரும் ஒருவரே என்று நீங்கள் உறுதியளித்துக் குறியிடவேண்டும், அவ்வளவுதான். அட்டையில் உள்ள முகவரி பட்டியலோடு பொருந்தவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இந்த விதி தமிழ்ப் பெயர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் உங்கள் உரிமத்துக்கும் புதுப் பெயருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரே ஒரு சொல்தான் என்பதால், அலுவலரின் தீர்மானத்துக்கு இதை விடாமல், புதுப் பெயரில் உள்ள ஆவணம் ஒன்றைக் கையில் கொண்டுபோவதே நல்லது. ஒருவேளை தகராறு வந்தால் வாக்களிக்காமல் திரும்பிவிடாதீர்கள். தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி நிரப்பி, எழுத்தில் தரும் விளக்கத்தின்படி சில நாட்களுக்குள் பதிவாளர் அலுவலகத்தில் சான்றைக் காட்டினால் அது எண்ணப்படும்.

அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கூடவே 30 டாலர் கொடுத்துக் கடவுச்சீட்டு அட்டையையும் பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு மூலச் சான்றிதழை அனுப்பவேண்டும் என்பதால், வரிசையின் முதல் இரண்டு வேலைகளையும் முடித்து, நகல் எடுத்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள். தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு 500 டாலருக்கு மேல் செலவாகும். வாக்காளராகப் பதியவே குடியுரிமை ஆவணம் காட்டவேண்டும் என்ற கோரிக்கை இந்த நாட்டில் வலுத்து வருகிறது. மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சிப் படிவத்தில் பதிகிறவர்களிடம் அரிசோனா அதைக் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. கன்சாஸ் மாநிலத்தின் அத்தகைய சட்டம் 30,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை முடக்கியதைக் கண்ட நீதிமன்றம் 2018இல் அதை நீக்கியது. ஆயினும் நியூ ஹாம்ப்ஷயர் 2024இலும் வயோமிங் 2025இலும் அதைச் சட்டமாக்கின. நாடு முழுவதற்குமான மசோதா ஒன்றைப் பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. பெயர் மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இத்தகைய சட்டங்கள் கூடுதல் சுமை. புதுப் பெயரில் கடவுச்சீட்டு இருந்தால், எந்தச் சட்டம் வந்தாலும் உங்கள் வாக்குரிமைக்கு இடையூறு குறைவு.

உங்கள் மாமனாரின் நிலை நீங்கள் அஞ்சுவதைவிட நன்றாகவே இருக்கிறது. 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவர், ஆங்கிலத் தேர்வின்றியே குடியுரிமை பெற சட்டம் இடம் தருகிறது. அவ்வாறு ஏற்றுக்கொண்டவரை வாக்களிக்கும்போது மட்டும் மொழி தெரியாதவர் என்று ஒதுக்க முடியாது. வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆவது பிரிவு, வாசிக்க இயலாத வாக்காளர் தாம் விரும்பும் எவரையும் உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. முதலாளியும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டுமே விலக்கு. காலினுக்கு அருகில் இல்லாவிட்டாலும் அதே மாநிலத்தில், வில்லியம்சன் கவுன்டியில், 2014இல் வங்கமொழி பேசும் இந்திய வம்சாவளித் தாய் ஒருவர் மகனை மொழிபெயர்ப்பாளராக உள்ளே அழைத்தபோது, மகன் பக்கத்துக் கவுன்டியின் வாக்காளர் என்று சொல்லி அனுமதி மறுத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது என்று ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும் முன்பே அந்தத் தாய் இறந்துவிட்டார். ஆகவே நீங்களோ உங்கள் கணவரோ மாமனாருடன் போகலாம். உதவுபவர் ஒரு படிவம் நிரப்பி உறுதிமொழி எடுக்கவேண்டும். சீட்டில் உள்ளதை வாசித்துக் காட்டலாம், அவர் சொன்னபடி குறியிடலாம், யாருக்குப் போடுவது என்று யோசனை சொல்லக்கூடாது. 70 வயதைக் கடந்தவர் என்பதால், காலாவதியான அடையாள அட்டையும் அவருக்குச் செல்லும்.

டெக்சஸில் 65 வயதானவர்கள் தபால் வாக்குக் கேட்டுப் பெறலாம். மாமனார் அதை விரும்பினால் ஓர் எச்சரிக்கை: 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, விண்ணப்பத்திலும் திருப்பி அனுப்பும் உறையிலும் எழுதும் அடையாள எண், பதிவின்போது கொடுத்த எண்ணோடு பொருந்தவேண்டும். இதைச் சரியாகச் செய்யாததால் 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதனிலைத் தேர்தலில் ஏறத்தாழ எட்டில் ஒரு தபால் வாக்கு நிராகரிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? உரிம எண், சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கங்கள் என இரண்டையும் இரண்டு இடங்களிலும் எழுதிவிடச் சொல்லுங்கள்.

குடியுரிமை பெற்றவுடன் உங்கள் இந்தியக் குடியுரிமை முடிந்துவிட்டது. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரோ மாமனார் பெயரோ இன்னும் இருந்தால் நீக்கக் கோருங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது தேர்தல் வந்தால், ஆசைக்கு என்றுகூட அங்கே வாக்களிக்கவேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு என்றாவது ஜூரி அழைப்பும், அதாவது நீதிமன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவில் அமரும் அழைப்பும் வரும். மாமியாருக்கு வந்தால், குடிமகன் அல்ல என்ற கட்டத்தில் குறியிட்டு, நகல் எடுத்துக்கொண்டு உரிய நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். பதில் அனுப்பாமல் இருப்பது தவறு. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ வந்தால், வேலைநாள் கெடுகிறதே என்று அதே கட்டத்தில் குறியிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். டெக்சஸில் அப்படிச் சொன்னவர்களின் பட்டியல் நீதிமன்றத்திலிருந்து நேராக வாக்காளர் பதிவாளருக்குப் போகிறது.